அவனை ஏன் இறக்கவில்லை?



வலய மட்ட உதைபந்தாட்டத்துக்கான 18 வயதுக்குட்பட்ட அணியின் பெயர்ப் பட்டியலை வியாழக்கிழமை அறிவித்தல் பலகையில் ஒட்டினோம். ஒட்டி அரை மணித்தியாலம் போயிருக்காது, யாரோ அதைப் படமெடுத்து வட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து எங்கள் தொலைபேசிகளுக்கு ஓய்வில்லை. பழைய மாணவர்கள், கழகத்துக்காரர், கட்டாரிலிருந்து ஒருவர், லண்டனிலிருந்து ஒருவர், எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "சேர், அவன்ட பேர் எங்க?"

அவன் யாரென்று திரியாயில் இருக்கிறவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. வெளியூரில் இருக்கிறவர்களுக்கு அவனுடைய பெயர் தேவையில்லை. அதனால் பெயரை எழுதவில்லை. எங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. விளையாட்டுக்குப் பொறுப்பாக மூன்று ஆசிரியர்கள் இருக்கிறோம். எழுதுவது ஒருவர்தான், ஆனால் முடிவெடுத்தது மூன்று பேரும். ஆகவே ஏச்சையும் மூன்றாகப் பிரித்துக்கொள்கிறோம். "நாங்கள்" என்றே எழுதுகிறோம்.

நடந்ததை முதலில் சொல்லிவிடுகிறோம். போன வருஷம் ஓகஸ்டில், பாடசாலைக்கு வெளியே ஒரு சுற்றுப்போட்டி. எட்டாம் நிமிடமோ ஒன்பதாம் நிமிடமோ, யாரும் அவனைத் தொடவில்லை. பந்தை இடது பக்கம் தட்டிவிட்டு வலது பக்கம் திரும்பினான். கால் நிலத்தில் நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பியது. விழும்போது "டக்" என்று ஒரு சத்தம் கேட்டதாகப் பிறகு சொன்னான். கோட்டுக்கு வெளியே கிடத்தி, ஸ்பிரே அடித்து, சீலைத்துணியால் இறுக்கிக் கட்டி, இரண்டாம் பாதியில் அவனைத் திரும்ப இறக்கினார்கள். பத்து நிமிடத்தில் மறுபடி விழுந்தான். மறுநாள் முழங்கால் பலாப்பழம் மாதிரி வீங்கி இருந்தது.

பிறகு மூன்று கிழமை எண்ணெய் வைத்தியம். அதைக் குறை சொல்ல மாட்டோம். கை முறிந்தவர்களைப் பரியாரியார் எத்தனையோ பேரைச் சுகப்படுத்தியிருக்கிறார். ஆனால் இது எலும்பு இல்லை. முழங்காலுக்குள்ளே குறுக்கே போகிற ஒரு சவ்வு, ஏ.சி.எல். என்று சொல்வது. கீழ்க்கால் எலும்பு முன்னால் வழுகிப் போகாமலும், திரும்பும்போது முழங்கால் பிசகாமலும் பிடித்துக்கொள்கிற நார் அது. முழுதாக அறுந்தால் பத்துப் போட்டாலும் பழையபடி பொருந்துவது அரிது. விளையாட்டுக்குத் திரும்ப நினைப்பவருக்குப் பெரும்பாலும் அவருடைய சொந்தத் தொடைப் பின்தசையின் நாணிலிருந்தோ, முழங்கால் சில்லுக்குக் கீழுள்ள நாணிலிருந்தோ ஒரு துண்டு எடுத்து, எலும்பில் துளை போட்டு, புதிதாகக் கட்டுவார்கள். வீக்கம் வற்றியதும் அவன் நடந்தான். நடந்ததும் எல்லோரும் சுகம் என்று நினைத்தார்கள். இந்தக் காயத்தின் ஏமாற்று இதுதான். நேராக நடக்கலாம், சைக்கிள் ஓடலாம், வயலுக்கும் போகலாம். திரும்பும்போதுதான் கால் கைவிடும்.

ஸ்கேன் எடுத்து, திகதி கிடைத்து, சத்திரசிகிச்சை நடந்தது நவம்பரில். இது மே மாதம். ஆறு மாதம்.

"ஆறு மாசம் போச்சு தானே சேர். நல்லா ஓடுறான். நேற்றுக் கடற்கரையில ஓடினவன், நாங்களே பாத்தம்."

நாங்களும் பார்த்தோம். ஓடுகிறான், உண்மைதான். கடற்கரையில் நேராக ஓடுகிறான்.

இனி எங்களுக்கு வந்த வாதங்களில் பெரியது எது என்று சொல்கிறோம். ரொனால்டோ. பிரேசில் ரொனால்டோ. மூன்று பேர் அவரைச் சொன்னார்கள், ஒருவர் வீடியோவும் அனுப்பினார். முழங்கால் உடைந்த மனிசன் 2002 இல் உலகக் கிண்ணத்தில் எட்டு கோல் அடிக்கவில்லையா, இறுதிப் போட்டியில் ஜேர்மனிக்கு இரண்டும் அவர்தானே அடித்தார், நீங்கள் பிள்ளையைப் பயப்படுத்துகிறீர்கள் என்று.

நல்ல உதாரணம். ஆனால் வீடியோவில் இல்லாத பகுதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். 1999 நவம்பர் 21 இல் இன்டர் மிலானுக்காக லெச்சே அணியுடன் ஆடும்போது அவருடைய வலது முழங்கால் நாண் பழுதானது. சத்திரசிகிச்சை செய்தார்கள். 2000 ஏப்ரல் 12 இல், ஐந்து மாதம் கூட முடியாமல், ரோமில் லாட்சியோவுக்கு எதிரான கிண்ண இறுதிப் போட்டியில் மாற்று வீரராக இறங்கினார். ஏழு நிமிடம் இருக்கும். அவருக்கே உரிய அந்தக் கால் சுழற்றலைச் செய்யப் போனார். யாரும் தொடவில்லை. அதே முழங்கால் நாண் முற்றாக அறுந்து, அவர் அலறிக்கொண்டு விழுந்தார். அதற்குப் பிறகு 2000-01 பருவம் முழுவதும் ஒரு ஆட்டமும் இல்லை. 2002 இல் கிண்ணத்தோடு சிரித்த ரொனால்டோவை எல்லோரும் அனுப்புகிறார்கள். அந்த ஏழு நிமிடத்தை யாரும் அனுப்பவில்லை. உலகத்தின் பெரிய வைத்தியர்களும், இத்தாலியின் பணக்காரக் கழகமும் பக்கத்தில் இருந்தவருக்கு இது நடந்தது. அவருக்கு நடந்தது ஏ.சி.எல். இல்லை, வேறு நாண். அவசரம் மட்டும் ஒன்றுதான்.

அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. எங்கள் மொழி பேசுகிற ஒரு பிள்ளையின் கதை இருக்கிறது. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

சென்னையின் எஃப்.சி. பார்க்கிறவர்களுக்கு தனபால் கணேஷைத் தெரிந்திருக்கும். வட சென்னை வியாசர்பாடிக்காரர், 1994 இல் பிறந்தவர். வியாசர்பாடி என்றால் நெருக்கமான குடியிருப்புகள், கூலி வேலைக்குப் போகிற குடும்பங்கள், அவற்றுக்கு நடுவில் ஓயாமல் உதைபடுகிற பந்து. அந்த இடத்தைச் சின்ன பிரேசில் என்று அவர்களே சொல்லிக்கொள்வார்கள். பின்னாளில் ஐ.எஸ்.எல். ஆடிய நந்தகுமார் சேகரும் அங்கிருந்து வந்தவர்தான். கணேஷ் கோல் அடித்துப் பெயர் வாங்குகிற இடத்தில் ஆடியவர் இல்லை. தடுப்பு வரிசைக்கு முன்னால் நின்று, எதிரியின் பந்தை வெட்டி, பக்கத்தில் நிற்பவருக்குக் கொடுத்துவிட்டு மறுபடி தன் இடத்துக்கு வருகிற வேலை. பார்வையாளர் கண்ணில் படாத வேலை. வகுப்பில் முன் வாங்கில் உட்காராமல் எல்லா வேலையையும் செய்துவிட்டுப் போகிற சில பிள்ளைகள் இருப்பார்கள், அந்த மாதிரி.

2018 மார்ச் 13. ஐ.எஸ்.எல். அரையிறுதியின் இரண்டாம் ஆட்டம், எதிரில் கோவா. முதல் ஆட்டம் 1-1. சென்னையில் அன்றிரவு ஜெஜே லால்பெக்லுவா 26 ஆவது நிமிடத்தில் ஒரு கோல், மூன்று நிமிடம் கழித்துக் கணேஷ் ஒரு கோல், கடைசியில் ஜெஜே இன்னொன்று. 3-0. நான்கு நாள் கழித்து பெங்களூரில் பெங்களூரு எஃப்.சி.யை 3-2 என்று வென்று சென்னை கிண்ணத்தைத் தூக்கியது. அந்தப் பருவத்தில் கிண்ணம் வென்ற அணியின் நடுக்களத்தில் ஒரு வியாசர்பாடிப் பையன் நின்றான். அவருக்கு வயது 23. இந்திய அணியின் பேச்சிலும் பெயர் வந்துகொண்டிருந்தது. ஒரு விளையாட்டு வீரனுக்கு இதைவிட நல்ல நேரம் எது?

அடுத்த பருவம் அவருக்கு இல்லாமலே போய்விட்டது. முழங்கால். 2018-19 ஐ.எஸ்.எல். முழுவதையும் வெளியில் இருந்து பார்த்தார். நடப்புச் சம்பியன் அணி அந்த வருஷம் 18 ஆட்டத்தில் இரண்டே இரண்டு வெற்றியோடு, 9 புள்ளியோடு, பத்து அணிகளில் பத்தாவதாக முடித்தது. ஒருவர் இல்லாததால் மட்டும் அப்படியானது என்று சொன்னால் அது பொய். ஆனால் கண்ணில் படாத வேலையைச் செய்தவர் போன பிறகுதான் அந்த வேலை கண்ணில் பட்டது.

அவர் திரும்பி வந்தார். அதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காயத்திலிருந்து எழும்பி வருவதே பெரிய விஷயம். ஆனால் அதற்கிடையில் அந்த இடத்துக்கு வேறு பிள்ளைகள் வந்துவிட்டார்கள். 2018 மார்ச்சில் அவர் நின்ற உயரம் திரும்பக் கிடைக்கவில்லை. தொழில்முறை ஆட்டத்தில் ஒப்பந்தம் ஒரு வருஷம், இரண்டு வருஷம் என்றுதான் போகும். 24 வயதில் ஒரு வருஷம் என்பது எங்களைப் போன்ற அரசாங்க உத்தியோகத்தர் எடுக்கிற மருத்துவ லீவு இல்லை. லீவு முடிந்து வந்தால் எங்கள் கதிரை அங்கேயே இருக்கும், பதிவேட்டில் எங்கள் பெயரும் இருக்கும். அவர்களுடைய கதிரையில் அடுத்த நாளே ஆள் உட்கார்ந்துவிடும்.

அன்றிரவு மற்ற இரண்டு கோலையும் அடித்த ஜெஜேயைப் பாருங்கள். மிசோரம்காரர். இந்திய அணிக்கும் முன்வரிசையில் நின்றவர். அவருக்கும் முழங்கால்தான். சத்திரசிகிச்சை, 2019-20 பருவம் முழுவதும் வெளியில். பிறகு சென்னையை விட்டு ஈஸ்ட் பெங்கால் போனார், 2023 இல் ஓய்வு. அதே வருஷக் கடைசியில் மிசோரம் சட்டசபைக்குத் தேர்தலில் வென்று போய்விட்டார். அவருக்கு ஒரு வழி திறந்தது, சந்தோஷம். ஆக, அந்த 3-0 இன் மூன்று கோலையும் அடித்த இரண்டு பேருக்குமே இரண்டு வருஷத்துக்குள் ஆளுக்கொரு பருவத்தை முழங்கால் எடுத்துக்கொண்டது. அந்த ஆட்டத்தின் சுருக்கத்தை இப்போதும் யூடியூபில் பார்க்கும்போது எங்களுக்கு கோல் தெரிவதில்லை, அவர்கள் ஓடிப்போய்க் கட்டிப்பிடிக்கும்போது முழங்கால்தான் தெரிகிறது. ஆசிரியர் புத்தி, என்ன செய்வது.

இவர்களுக்கு ஒரு கழகம் இருந்தது. அணியோடு இயன்மருத்துவர் இருந்தார். சம்பளம் இருந்தது. எங்கள் பிள்ளைக்கு? வீட்டில் அம்மா, தங்கச்சி, ஒரு மாமா. திரியாயிலிருந்து திருகோணமலைக்குக் கிட்டத்தட்ட 45 கிலோமீற்றர். கிளினிக் நாளில் விடிய முன்னம் கும்புறுப்பிட்டி, நிலாவெளி எல்லாம் தாண்டிப் போய் வரிசையில் நின்று, பின்னேரம் திரும்பி வர வேண்டும். அந்த அம்மா ஒரு நாள் வேலையை விட்டால் ஒரு நாள் கூலி இல்லை. இயன்மருத்துவர் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளை அவன் வீட்டு விறாந்தையில், சுவரில் சாய்ந்து, மணல் நிரப்பிய பையைக் காலில் கட்டிச் செய்தான். அந்தப் பை பழைய பாடசாலைப் பையில் வெட்டித் தைத்தது. தைத்தது அம்மா. அதைப் பார்த்த அன்றுதான் எங்களில் ஒருவர் "இந்தக் காலை இன்னொரு தரம் உடைய விடக்கூடாது" என்றார். முடிவு அன்றே எடுத்தாகிவிட்டது என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆனாலும் பாசத்தை வைத்து மட்டும் முடிவெடுக்கவில்லை. படித்தோம், கேட்டோம். நோர்வேயிலும் அமெரிக்காவிலும் ஏ.சி.எல். கட்டியவர்களைத் தொடர்ந்து கவனித்து 2016 இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. சத்திரசிகிச்சைக்குப் பிறகு ஒன்பதாவது மாதம் வரை, விளையாட்டுக்குத் திரும்புவதைப் பிந்தப் போடுகிற ஒவ்வொரு மாதத்துக்கும், முழங்கால் மறுபடி காயப்படுகிற வேகம் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததாம். அவர்களுடைய கணக்கு 51 வீதம். ஒன்பது மாதம் போனால் மட்டும் போதாது. இரண்டு காலின் பலத்தையும் ஒப்பிட வேண்டும். காயப்பட்ட கால் மற்றதில் 90 வீதமாவது இருக்க வேண்டும். ஒற்றைக் காலில் பாய்ந்து பார்க்கும் சோதனை அதில் ஒன்று. அதற்கு இயந்திரம் வேண்டாம். ஒரு அளவு நாடாவும் நிலத்தில் ஒரு கோடும் போதும்.

செய்து பார்த்தோம். போன கிழமை, பின்னேரம், மைதானத்தில். நல்ல காலில் பாய்ந்தான், அளந்தோம். சத்திரசிகிச்சை செய்த காலில் பாய்ந்தான், அளந்தோம். மூன்று மூன்று தரம். 78 வீதம் வந்தது. அவனே நாடாவைக் குனிந்து பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு இன்னொரு தரம் பாயட்டுமா என்று கேட்டான். பாய்ந்தான். அதுவும் அதே அளவுதான்.

இதையெல்லாம் சொன்னபோது ஒரு தகப்பன், அவர் எங்களுக்கு மரியாதைக்குரியவர், "சேர், எழுதினது நடக்கும். நசீப்" என்றார். எங்கள் புல்மோட்டைப் பக்கம் நசீப் என்போம், இங்கே தலையெழுத்து என்பார்கள். பொருள் ஒன்று. எங்களுக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று மதரஸாவில் சின்ன வயதிலேயே படித்தோம். கட்டாத ஒட்டகம் தொலைந்ததற்கு எழுத்தைக் குற்றம் சொல்ல எங்களுக்கு வாய் வராது. யாரும் தொடாமல் அவன் விழுந்தது எழுத்தாக இருக்கலாம். இரண்டாம் பாதியில் திரும்ப இறக்கியது மனிதர் செய்தது.

இதை மற்றவர்களைச் சுட்டிச் சொல்லவில்லை. எங்களில் ஒருவரின் கணக்கிலும் அப்படி ஒன்று இருக்கிறது. பல வருஷத்துக்கு முன்பு, வேறொரு மாவட்டத்தில் ஒரு பாடசாலை. கல்வியியற் கல்லூரி முடித்துப் போன முதல் நியமனம். ஒரு பையன் முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தான். அரையிறுதி. ஆட்டம் சமநிலை. "ஏலுமாடா?" என்று கேட்டோம். பதினாறு வயதுப் பிள்ளையிடம், நூறு பேர் கூக்குரல் போடும்போது, தனக்குப் பிடித்த சேர் "ஏலுமாடா" என்று கேட்டால் அவன் என்ன சொல்வான்? "ஏலும் சேர்" என்றான். வென்றோம். கேடயம் இன்றும் அந்த அதிபர் அறையில் இருக்கும். அவன் இப்போது ஓட்டோ ஓட்டுகிறான். மாடிப்படி இறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குகிறான். எங்களைக் கண்டால் இன்றைக்கும் ஓட்டோவை நிறுத்திச் சிரித்துக் கதைப்பான். அந்தச் சிரிப்புத்தான் தாங்க முடியாதது.

கல்வியியற் கல்லூரியில் உடற்கல்வியும் படித்தோம். விதிமுறை, கள அளவு, போட்டி அட்டவணை போடுவது எல்லாம் நன்றாகத் தெரியும். விழுந்த பிள்ளையை எப்போது மறுபடி இறக்கக்கூடாது என்பதை அந்தப் பையனின் முழங்காலில்தான் படித்தோம்.

இன்னொரு விஷயமும் எழுதியே ஆக வேண்டும். ஒரு குழுவில் ஒருவர் போட்டிருந்தார், வெளியூர் சேர்மாருக்கு எங்கட பிள்ளை முன்னுக்கு வாறது பிடிக்கேல்ல என்று. "வெளியூர்" என்று எழுதியவர் எதைச் சொல்ல வந்தார் என்பது வாசித்த எல்லோருக்கும் விளங்கியிருக்கும். எங்களில் இரண்டு பேர் புல்மோட்டையிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிறவர்கள், தொழுகைக்குப் போகிறவர்கள். மூன்றாமவர் இதே ஊரில் பிறந்து, சிறு வயதில் இடம்பெயர்ந்து, திரும்பி வந்து வீடு கட்டியவர். முடிவு மூன்று பேருடையது என்று மேலே எழுதியதற்கு இதுவும் ஒரு காரணம். அந்தப் பதிவைப் போட்டவரோடு சண்டை இல்லை. நாங்கள் கேட்பது ஒன்றுதான்: அடுத்த கிளினிக் நாளுக்கு அவனையும் அம்மாவையும் கூட்டிப்போக வாகனம் வேண்டும். உங்களிடம் வான் இருக்கிறது. திகதி சொல்கிறோம்.

கொழும்புக் கழகமொன்றிலிருந்து ஆள் பார்க்க வருகிறாராம், இந்த வாய்ப்புப் போனால் போனதுதான் என்கிறார்கள். இது உண்மையிலேயே கனமான வாதம், இதற்குத்தான் இரண்டு இரவு தூக்கமில்லை. இந்த நாட்டில் தொழில்முறை லீக் என்று ஒன்று வந்ததே 2021 இல்தான். 2023 ஜனவரியில் ஃபிஃபா இலங்கையைத் தடை செய்தது, ஓகஸ்டில்தான் நீக்கியது. அந்த மாதங்களில் எங்கள் தேசிய அணிக்கே வெளியே ஆட வழியில்லை. இப்படி ஆடிக்கொண்டிருக்கிற படகில் ஏறப்போகிற பிள்ளைக்கு இரண்டு காலும் ஒழுங்காக இருக்க வேண்டாமா? ஒருவர் வந்து பார்க்கிற 90 நிமிடத்துக்காக 78 வீதக் காலை அனுப்பினால், நன்றாக ஆடினாலும் ஆபத்து, ஆடாவிட்டாலும் "இவன் சரிவரமாட்டான்" என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். தனபால் கணேஷ் ஒரு சம்பியன் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு காயப்பட்டார், திரும்பி வரும்போது அவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். எங்களவனை இன்னும் யாருக்கும் தெரியாது. முதல் தரம் காட்டும்போது முழுதாகக் காட்ட வேண்டும். அந்தக் கழகத்துக்காரரின் இலக்கத்தை வாங்கி நாங்களே பேசினோம். காயத்தை மறைக்காமல் சொன்னோம். போன வருஷத்து வீடியோ இரண்டை அனுப்பினோம். பார்க்கிறேன் என்றார். வாக்குறுதி தரவில்லை. நாங்களும் அவன் வீட்டில் வாக்குறுதி கொடுக்கவில்லை.

அவன் கொப்பியின் பின்னட்டையில் ஒரு 10 வரைந்து கீழே ஃபாத்தி என்று எழுதியிருக்கிறான். பார்சிலோனாவின் அன்சு ஃபாத்தி. 16 வயதில் அந்த அணிக்கு ஆடியவர். 18 வயது நிறைந்து ஒரு கிழமையில், 2020 நவம்பர் 7 இல், ரியல் பெட்டிஸ் அணியுடனான ஆட்டத்தில் முழங்கால் மெனிஸ்கஸ் கிழிந்தது. ஒரு சத்திரசிகிச்சையோடு முடியவில்லை, பல தரம் கத்தி வைத்தார்கள். பத்து மாதத்துக்கு மேல் கழித்து, மெஸ்ஸி விட்டுப்போன 10 ஐப் போட்டுக்கொண்டு வந்து, வந்த அன்றே கோல் அடித்தார். அதன் பிறகும் தொடைத் தசைக் காயங்கள் விடவில்லை. காத்திருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று நாங்கள் அவனுக்குச் சொல்லவில்லை. சொன்னால் அவனே ஃபாத்தியைக் காட்டிக் கேட்பான். காத்திருந்தவருக்கே இவ்வளவு என்றால், காத்திராதவனுக்கு என்ன என்பதுதான் நாங்கள் அவனோடு பேசியது.

மற்றப் பிள்ளைகளுக்கு வருவோம், ஏனென்றால் முழங்கால் அவனுக்கு மட்டும் இல்லை. ஃபிஃபா 2006 இல் 11+ என்று ஒரு உடல் சூடாக்கும் பயிற்சியை உருவாக்கியது. 15 பயிற்சி, 20 நிமிடம். மெல்ல ஓடுவது, ஒற்றைக் காலில் நிற்பது, குந்தி எழும்புவது, பாய்ந்து இறங்கும்போது முழங்கால் உள்ளே மடியாமல் இறங்குவது. நோர்வேயில் 13 முதல் 17 வயது வரையான 1,892 பெண் பிள்ளைகளை வைத்துப் பார்த்தார்கள். ஆய்வு 2008 இல் வந்தது. அந்தப் பயிற்சியைச் செய்த அணிகளில் கடுமையான காயங்கள் ஏறத்தாழ பாதியாகக் குறைந்தன. இதற்குப் புல்தரை வேண்டாம், காசு வேண்டாம். எங்கள் வெயிலில் காய்ந்த, கல்லும் மணலுமான மைதானமே போதும். ஜனவரியிலிருந்து கிழமையில் மூன்று நாள் செய்விக்கிறோம். ஆரம்பத்தில் பிள்ளைகள் சிரித்தார்கள், "சேர், இது யோகாவா?" என்று. இப்போது சின்ன வகுப்புப் பிள்ளைகள் கோட்டுக்கு வெளியே நின்று பார்த்துச் செய்கிறார்கள். கழகங்களும் இதைச் செய்ய வேண்டும். கேட்டால் வந்து காட்டித் தருகிறோம். சுற்றுப்போட்டி நடத்துகிறவர்கள் ஒரு விதியை எழுதிக்கொள்ளட்டும்: முழங்காலைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்த பிள்ளை அன்று திரும்ப இறங்கக்கூடாது. அணித்தலைவர் கெஞ்சினாலும், அந்தப் பிள்ளையே அழுதாலும்.

காசு விஷயமும் இருக்கிறது. தேசிய அணிக்கு ஆடப்போன வீரன் காயப்பட்டு 28 நாளுக்கு மேல் படுத்தால் அவனுடைய கழகத்துக்கு ஃபிஃபா நட்டஈடு கொடுக்கிற திட்டம் 2012 இலிருந்து இருக்கிறது. மேலே இருக்கிறவர்களுக்கு மேலே ஒரு குடை. கீழே எங்கள் பிள்ளைகளுக்கு 2017 இல் வந்த சுரக்ஷா மாணவர் காப்புறுதி என்ற ஒன்று உண்டு. அதற்கு என்ன படிவம், எந்தத் துண்டு, எத்தனை நாளுக்குள் என்பதைப் பெற்றோர் தெரிந்துவைத்திருக்க வேண்டும், நாங்கள் சொல்லித்தர வேண்டும். பிள்ளை ஆஸ்பத்திரியிலிருந்து வெளியேறும்போது துண்டுகளைத் தொலைத்துவிட்டு மூன்று மாதம் கழித்து வந்து கேட்காதீர்கள். இதில் எங்கள் பக்கமும் தவறு இருக்கிறது. அடுத்த பெற்றோர் கூட்டத்தில் முதல் விடயம் இதுதான்.

பட்டியல் ஒட்டிய அன்று பின்னேரம் அவன் வீட்டுக்குப் போனோம். மற்றவர்கள் சொல்லி அவன் கேள்விப்படக்கூடாது என்று முதல் நாளே போயிருக்க வேண்டும். போகவில்லை, அது எங்கள் பிழை. அவன் வெளியே வரவில்லை. அம்மா தேத்தண்ணி தந்தார். கதிரையில் உட்காராமல் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அவன் கோவமா இருக்கிறான் சேர். ரெண்டு நாளில சரியாயிடுவான்" என்றார். பிறகு, நாங்கள் எழும்பும்போது, மெல்லக் கேட்டார்: "ஒன்பது மாசம் எண்டா எப்ப சேர்?"

ஓகஸ்ட். அதற்குள் 90 வீதம் வந்தால், வைத்தியரும் சரி என்றால், முதலில் பயிற்சி ஆட்டம், அரை மணித்தியாலம். வயதுக் கணக்கில் அடுத்த வருஷம் 20 வயதுக்குட்பட்ட அணியில் அவனுக்கு இடம் இருக்கிறது. வராவிட்டால் செப்டெம்பரில் மறுபடி அளப்போம்.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. மைதானத்துக்கு வந்தான். எங்களோடு கதைக்கவில்லை. மணல் பையைக் காலில் கட்டிக்கொண்டு வேப்பமரத்தடியில் தன் பயிற்சியைச் செய்தான். போகும்போது அளவு நாடாவைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான்.